நொய்யலை நினைத்துத் துணி எடுப்பது: சூழலுக்கு உகந்த உடைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது நொய்யல். நாம் அன்றாடம் போடும் பனியன், டி-ஷர்ட், லெக்கின்ஸ், குழந்தைகளின் ஜட்டி வரை எத்தனையோ துணிகள் இந்த ஆற்றங்கரையில்தான் சாயம் ஏறி வருகின்றன. பருத்தியில் சாயம் ஒட்ட வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தில் ஒரு பகுதி துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும். உப்போ கிட்டத்தட்ட முழுவதும் கழிவுநீரோடு வெளியே வரும். பல ஆண்டுகள் இந்தத் தண்ணீர் நேராக நொய்யலில் விடப்பட்டது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாயின. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறைக்கு மாறிய ஆலைகள்தான் அதன் பிறகு திறக்க முடிந்தது.

இந்தக் கதையிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. சூழலுக்கு உகந்த உடை என்றதும் பலருக்குக் கடையில் கொடுக்கும் துணிப்பையும், பழுப்புநிறக் காகித அட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. பெரிய சேதம் நடப்பது அங்கே இல்லை. பருத்தி விளையும் வயலிலும், இழை தயாராகும் ஆலையிலும், சாயத் தொட்டியிலும்தான். உலக சராசரியாகப் பார்த்தால் ஒரு கிலோ பருத்தித் துணிக்குப் பின்னால் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. கால் கிலோ எடையுள்ள ஒரு சட்டைக்கு 2,500 லிட்டர். அந்தத் தண்ணீர் செலவாகி முடிந்துவிட்டது, திரும்ப வராது. நம் கையில் இருப்பது, அந்தச் சட்டையை எத்தனை காலம் போடுகிறோம் என்பதுதான். கீழே சொல்லும் படிகள் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

படி 1: முதலில் பீரோவைத் திறங்கள்

எந்தக் கடைக்கும் போகும் முன் இருக்கிற துணியை எல்லாம் எடுத்துக் கட்டிலில் போடுங்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள். அடிக்கடி போடுபவை, சின்ன வேலை செய்தால் போடக்கூடியவை, இனி போடவே மாட்டீர்கள் என்று தெரிந்தவை.

நடுக் குவியலில்தான் விஷயம் இருக்கிறது. பட்டன் போன சட்டை, இடுப்பு இறுகிய சுடிதார் பேன்ட், மேட்ச் ஜாக்கெட் தைக்காமல் கிடக்கும் புடவை, ஃபால்ஸ் பிரிந்த புடவை. புதிதாக வாங்க வேண்டும் என்று தோன்றுவதில் கணிசமான பகுதி இந்தக் குவியலிலேயே கிடைத்துவிடும். முதல் குவியலையும் உற்றுப் பாருங்கள். எந்தத் துணி, எந்த நிறம், எந்த வெட்டு உங்களுக்குத் திரும்பத் திரும்பக் கைக்கு வருகிறது என்று அது சொல்லும். அடுத்து வாங்கும்போது அதே வகைக்குப் போனால் பீரோவில் தூங்கும் துணி குறையும்.

படி 2: தள்ளுபடிக்குப் போகும் முன் பட்டியல்

ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும்தான் நம் வீடுகளில் தேவைக்கு மேல் துணி சேரும் காலங்கள். பண்டிகைக்குப் புதுத்துணி எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு மஞ்சள் தடவிய புதுச்சட்டை என்பது ஒரு சந்தோஷம், அது இருக்கட்டும். ஆனால் தேவை என்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பட்டியலில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டால் உடனே பில் போடாதீர்கள். ஒரு வாரம் கழித்தும் மனதில் நின்றால் வாங்குங்கள். ‘இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்’ என்பதில் அந்த மூன்றாவது துணிக்கும் தண்ணீரும் சாயமும் செலவாகியிருக்கிறது.

கல்யாணத்துக்கு ஒரே நாள் உடுத்தும் லெஹங்கா, ஷெர்வானி போன்றவற்றை வாடகைக்கு எடுப்பது நல்ல வழி. குழந்தைத் துணிகளுக்கு அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை என்று சுற்றிவரும் பழைய பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பலமுறை துவைத்த பருத்தி, பச்சைக் குழந்தையின் தோலுக்குப் புதுத்துணியைவிட இதமாகவும் இருக்கும்.

படி 3: இழையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டிய படி இது. சட்டையின் உள்பக்கத் தையலில் இருக்கும் சிறு சீட்டைப் படியுங்கள். என்ன இழை, எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும்.

பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது. தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக்தான் இழையாக நீட்டப்படுகிறது. இன்று உலகில் தயாராகும் இழையில் பாதிக்கும் மேல் இதுவே. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்ந்து சாக்கடை வழியே ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். நம் ஊர் வெயிலில் வியர்வை வாடையையும் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் அடிக்கடி துவைக்க வேண்டிவரும். அதே நேரம் நியாயமாகவும் பேச வேண்டும். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடிக்கிற பெண்கள் இஸ்திரி வேண்டாத, அரை மணியில் காயும் சிந்தெடிக் புடவையைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. இருக்கிற பாலியஸ்டரைத் தூக்கிப் போட வேண்டாம், கிழியும்வரை கட்டுங்கள். புதிதாக வாங்கும்போது மட்டும் மாற்று உண்டா என்று பாருங்கள்.

ரேயான் அல்லது விஸ்கோஸ் என்று போட்டிருக்கும் குர்த்திகள் மரக்கூழிலிருந்து வருபவை. ‘இயற்கை’ என்று சொல்லித்தான் விற்பார்கள். மரக்கூழை இழையாக்க கார்பன் டைசல்பைடு என்ற நச்சு வேதிப்பொருள் தேவை. கழிவைச் சரியாகக் கையாளாவிட்டால் என்ன ஆகும் என்பது கோவை மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலையால் பவானி ஆறு கெட்டு, மக்கள் போராடி, கடைசியில் ஆலை மூடப்பட்டது. ‘பாம்பூ’ என்று விற்கும் மென்மையான துணியும் பெரும்பாலும் மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ்தான். லயோசெல் என்று போட்டிருந்தால் பரவாயில்லை, அதுவும் மரக்கூழ் இழைதான். ஆனால் கூழைக் கரைக்கப் பயன்படும் கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

பருத்தி நல்லதுதான், ஆனால் எந்தப் பருத்தி என்பதும் கேள்வி. 2002-ல் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி இந்தியாவுக்கு வந்தது. இன்று பருத்தி விளையும் நிலத்தில் மிகப் பெரும்பகுதி அதுதான். அதற்கு முன்பு தென்மாவட்டக் கரிசல் மண்ணில் விளைந்தது கருங்கண்ணி. மானாவாரிப் பயிர், மழையை நம்பி நிற்கும், வறட்சியையும் தாங்கும். இழை குட்டை என்பதால் இன்றைய வேகமான மில்களுக்கு ஒத்துவரவில்லை. கையால் நூற்க ஒத்துவரும். சிலர் அதை மீண்டும் விதைத்து, நூற்று, நெய்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். துணி சற்றுத் தடிப்பாக, முரடாகத்தான் இருக்கும். துவைக்கத் துவைக்க உடம்போடு பழகிவிடும். கிடைத்தால் ஒரு சட்டையாவது எடுத்துப் பாருங்கள் என்று மனதாரச் சொல்வேன். பாசனத் தண்ணீரே வேண்டாத பருத்தி நம் மண்ணில் இருந்திருக்கிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்த்த மாதிரி இருக்கும்.

சீட்டில் நம்பிக்கை இல்லையா, அல்லது மீட்டர் துணியில் சீட்டே இல்லையா? வீட்டிலேயே சோதிக்கலாம். துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி முறுக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே இடுக்கியால் பிடித்து, நுனியில் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி சட்டென்று பற்றிக் காகிதம் எரியும் வாடையோடு எரியும், தொட்டால் உதிரும் சாம்பலாகும். பட்டு தயங்கித் தயங்கி எரியும், முடி கருகும் நாற்றம் வரும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி, உருகி, கறுப்புப் புகை விட்டு, ஆறியபின் கடுகு போல் கெட்டியான உருண்டையாக நிற்கும். காகித வாடையும் வந்து, விரலில் உருண்டையும் தட்டுப்பட்டால் அது கலப்புத் துணி. ரேயானும் பருத்தி மாதிரியே எரியும், இரண்டையும் இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது, கையில் தொடும் முன் ஆறவிட்டுச் செய்யுங்கள்.

கலப்பை ஏன் கவனிக்கச் சொல்கிறேன் என்றால், துணியின் கடைசிக் காலம் அதில்தான் இருக்கிறது. சுத்தப் பருத்தியை மறுபடி நூலாக்க முடியும். பருத்தியும் பாலியஸ்டரும் இழுபடும் லைக்ரா இழையும் பின்னிக் கிடந்தால் பிரிப்பது பெரும்பாடு. எந்த இழையாக இருந்தாலும் முடிந்தவரை ஒரே இழைத் துணியாக எடுங்கள்.

படி 4: நிறம்

இதை யாரும் சொல்வதில்லை. வெளிர்நிறத்துக்குச் சாயமும் உப்பும் குறைவு. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு என்று போகப் போக இரண்டும் ஏறும். ஒரு லிட்டர் சாயத் தண்ணீரில் வெளிர்நிறத்துக்கு 20, 30 கிராம் உப்பு போதும் என்றால், அடர்நிறத்துக்கு 80 கிராமைத் தாண்டும். அலசவும் அதிகத் தண்ணீர் வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தில் சவ்வு வழியே தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பை மீட்கிறார்கள். அதற்கு ஏகப்பட்ட மின்சாரமும் விறகும் செலவாகின்றன. ஆறு தப்பித்தாலும் செலவு எங்கோ விழத்தான் செய்கிறது.

ஆகவே தினசரி உடைக்கு வெளிர்நிறம், அல்லது சாயமே ஏற்றாத பருத்தியின் சந்தனநிறம் நல்ல தேர்வு. வெயிலுக்கும் அதுவே சுகம். பிடித்த கறுப்புச் சட்டையை வாங்கவே கூடாதா? வாங்குங்கள், ஆனால் வெளுத்துப் போனது என்று ஆறே மாதத்தில் ஒதுக்காமல் பல வருஷம் போடுங்கள்.

இயற்கைச் சாயத்திலும் கவனம் வேண்டும். நீலத்துக்கான அவுரி திண்டிவனம் பக்கம் இன்றும் விளைகிறது. படிகாரமும் கடுக்காயும் சேர்த்து நிறம் பிடிக்கவைப்பது பழைய முறை. சிலர் நிறம் நிற்பதற்காகக் குரோமியம் போன்ற உலோக உப்புகளைச் சேர்ப்பதுண்டு. அப்படிச் செய்தால் இயற்கைச் சாயம் என்ற பேருக்கே அர்த்தமில்லை. எதை வைத்து நிறம் பிடிக்கவைக்கிறீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். முறையாகச் செய்பவர் தயங்காமல் சொல்வார்.

படி 5: கைத்தறி, கதர், முத்திரைகள்

கைத்தறியில் நெய்ய மின்சாரம் வேண்டாம். நெகமம் சேலை, செட்டிநாட்டுக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி, சென்னிமலைப் போர்வை, பவானி ஜமுக்காளம் என்று நமக்குத் தேவையானதில் பாதி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இதில் சுங்குடி நெசவு அல்ல, துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமிடும் கலை. இன்று சுங்குடி என்று விற்பதில் ஏராளமானவை முடிச்சுப் போடாமல் அச்சடித்தவை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பதும் நெடுநாளாக நடக்கிறது. வேட்டி, லுங்கி, கரை வைத்த பருத்திச் சேலை உள்ளிட்ட 11 இனங்களைக் குறிப்பிட்ட வரையறைக்குள் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கும் சட்டமே 1985-லிருந்து இருக்கிறது. அதையும் மீறித்தான் நடக்கிறது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து வரும் துணி கிடைக்கும். தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்து அங்கே வாங்கினால் கட்டுப்படியான விலையிலேயே முடியும்.

சர்வோதய சங்கக் கடைகளில் கதர் வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பாலியஸ்டர் கலந்த ‘பாலிவஸ்திரா’வும் இருக்கும். கையால் நூற்ற சுத்தப் பருத்திதான் வேண்டும் என்று சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

ஏற்றுமதித் துணிகளில் வரும் முத்திரைகளில் இரண்டைத் தெரிந்துவைத்தால் போதும். ஜி.ஓ.டி.எஸ். (GOTS) என்பது இயற்கை வேளாண் இழைக்கானது. ‘ஆர்கானிக்’ என்று போட 95 சதவீதமும், ‘ஆர்கானிக் இழையில் செய்தது’ என்று போட 70 சதவீதமும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை ஆகியவற்றுக்கும் அதில் விதிகள் உண்டு. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்பது, முடிந்த துணியில் உடம்புக்குக் கெடுதலான வேதிப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. பருத்தி எப்படி விளைந்தது என்பதை அது சொல்லாது. ‘ஈகோ’, ‘கிரீன்’, ‘நேச்சுரல்’ என்று பச்சை இலைப் படம் மட்டும் போட்டிருந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

படி 6: தையலைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் துணியின் வெளிப்பக்கத்தைவிட உள்பக்கத்தைப் பாருங்கள். தையல் நெருக்கமாக இருக்கிறதா, இழுத்தால் இடைவெளி தெரிகிறதா, பட்டன் நூல் தொங்குகிறதா, கட்டம் போட்ட துணியில் கட்டம் சேர்கிறதா. எல்லாவற்றையும்விட, உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். விலை மலிவான ரெடிமேடில் ஓவர்லாக் விளிம்பு வரை வெட்டியிருப்பார்கள். உடம்பு கொஞ்சம் கூடினாலும் பிரித்துவிட வழியில்லை.

தைக்கக் கொடுத்தால் அந்த வசதி நம் கையில். “அண்ணே, ரெண்டு பக்கமும் உள்ள ஒரு இன்ச் துணி விட்டுத் தைங்க” என்று அளவு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பட்டுப்பாவாடைக்கு அடியில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்து, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும் வழக்கம் இப்படி வந்ததுதான். ஒரே பாவாடை நாலைந்து பொங்கலுக்கு வரும்.

படி 7: துவைப்பதும் வைப்பதும்

ஒரு முறை போட்டதும் துவைக்க வேண்டியது உள்ளாடை, வியர்த்த சட்டை, காலுறை. ஜீன்ஸுக்கு அது தேவையில்லை. ஒரு மணிநேரம் கட்டிய புடவையைக் கொடியில் காற்றாட விட்டு மடித்து வைக்கலாம். பச்சைத் தண்ணீரே போதும். சோப்புத்தூளை டப்பாவில் சொல்லும் அளவைவிடக் குறைத்துப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. மென்மையான கைத்தறிக்குப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் அருமையாக வேலை செய்யும். மெஷினில் போட்டால் நிறைய சேர்த்து, குறைந்த நேரச் சுழற்சியில் போடுங்கள். சிந்தெடிக் துகள் உதிர்வதும் குறையும். சாயத்துணியை உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள்.

முதல் துவையலுக்குக் கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் போகாது என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் பேச்சு. உப்பு சாயமிடும் தொட்டியில்தான் அந்த வேலையைச் செய்யும். ஏறி முடிந்த சாயத்தை நிரந்தரமாகப் பிடித்துவைக்கும் சக்தி அதற்கு இல்லை. முதல் சில முறை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், அது போதும்.

பீரோவில் அந்துருண்டைக்குப் பதில், நிழலில் காய்ந்த வேப்பிலையையோ வசம்பையோ சிறு துணியில் முடிந்து வையுங்கள். பட்டுப்புடவையில் நேரடியாகப் பட வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டை எடுத்து மடிப்பை மாற்றி மடியுங்கள். ஜரிகை ஒரே இடத்தில் ஒடிந்து இற்றுப்போகாது.

படி 8: பழுது பார்ப்பது

ஊசி, நாலு நிறத்து நூல், ஒரு டப்பா பட்டன். ஒவ்வொரு வீட்டிலும் இது இருக்க வேண்டும், ஆண்பிள்ளைகளுக்கும் பட்டன் தைக்கச் சொல்லித்தர வேண்டும்.

சட்டை பெரும்பாலும் காலரில்தான் முதலில் தேயும். கழுத்து மடிப்பில் நூல் பிரிந்து வெள்ளையாகத் தெரிந்ததும் சட்டையைக் கழித்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் தையல்காரர்கள் காலரைத் திருப்பிப் போட்டுத் தருவார்கள். காலர் சேரும் தையலை மட்டும் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி புரட்டி, அதே இடத்தில் வைத்து அடித்துவிட்டால் முடிந்தது. வெளியே தெரிவது இதுவரை வெயிலே படாத பக்கம். இன்னும் சில வருஷம் வரும். தெருமுனையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வயதானவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். ஜீன்ஸின் தொடைப்பகுதி இற்றுப்போகத் தொடங்கும்போதே, கிழியும் முன், உள்ளே ஒரு பழைய துணியை வைத்து நெருக்கமாக அடித்துவிடச் சொல்லுங்கள். ஜிப் மாற்றுவது, இடுப்பு எலாஸ்டிக் மாற்றுவது எல்லாம் சின்ன வேலைகள். அந்தக் காசு ஒரு கைத்தொழிலாளிக்குப் போகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

படி 9: கடைசியில் என்ன செய்வது

போடக்கூடிய நிலையில் இருப்பதை, துவைத்து, பட்டன் வைத்து, மடித்துக் கொடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களுக்கு லாரி லாரியாகப் பழைய துணி போனது. கந்தலும் அழுக்குமாக வந்தவற்றை மீனவ மக்கள் தொடவில்லை, சாலையோரம் குவியலாகக் கிடந்து வீணாயின. வாங்குபவரின் மானத்தை நினைத்துக் கொடுங்கள். நீங்கள் உடுத்தத் தயங்குவதை இன்னொருவருக்குத் தராதீர்கள்.

போட முடியாத பருத்தியை வீட்டிலேயே இறக்குங்கள். வேட்டி குழந்தைக்கு விரிப்பாகும், சேலை தொட்டிலாகும், அப்புறம் கரித்துணி, மிதியடி. மெக்கானிக் ஷெட்களில் துடைக்கும் துணிக்கு எப்போதும் தேவை உண்டு. அசல் ஜரிகைப் பட்டை எடைக்கு வாங்கிக்கொள்வார்கள். ஆனால் சேலை நன்றாக இருந்தால் பிள்ளைக்குப் பாவாடை தைப்பது அதைவிட நல்லது. பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்டைப் பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூல் நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்கள் கொங்குப் பகுதியில் இருக்கின்றன. வீட்டுத் துணியும் சேகரிப்பவர்கள் வழியாக இப்படி மறுசுழற்சிக்குப் போக வேண்டுமானால் பட்டன், ஜிப், எலாஸ்டிக்கை வெட்டி எடுத்து, இழை வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்.

எரிப்பது மட்டும் வேண்டாம். போகியன்று விடியற்காலையில் பழைய பாயோடு பாலியஸ்டர் சேலையும் ஸ்கூல் பையும் சேர்ந்து எரிகின்றன, அன்றைக்குச் சென்னையில் காற்று மூச்சுமுட்டும் அளவுக்குக் கெடுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் வேண்டுகோள் விடுகிறது. அண்மை ஆண்டுகளில் போகிக்கு முந்தைய நாட்களில் பழைய துணி, டயர் போன்றவற்றைத் தூய்மைப் பணியாளர்களிடம் தனியாகக் கொடுக்கும்படி மாநகராட்சி அறிவிக்கிறது. பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது துணியைத் தனி மூட்டையாகக் கட்டி வைத்து, அவர்கள் வரும் நாளில் கையில் கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் மற்றதோடு சேர்த்துப் போட்டால் நனைந்து எதற்கும் உதவாமல் போய்விடும்.